‘நோ பால்’ அறிவிப்பால் கைப்பற்றப்பட்ட மைக் செட்

அனுப்புநர்:
ரா. ஜெபராணி,
த/பெ. ராஜமணி (இரும்புக்கடை),
கடைவீதி, சின்னவாய்க்கால்பட்டி,
உத்தமபாளையம் வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் உதவி ஆய்வாளர் அவர்கள்,
சின்னவாய்க்கால்பட்டி.

பொருள்: கிரிக்கெட் திடலில் கைப்பற்றப்பட்ட மைக் செட்டை, வரும் ஞாயிறு இறுதி ஆட்டத்திற்கு முன் திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர் கிரிக்கெட் குழுவின் ஆட்டங்களை மைக்கில் தமிழில் வர்ணனை செய்து வருகிறேன். சென்ற ஞாயிறு கண்மாய்த் திடலில் அரையிறுதி. எங்கள் வேகப்பந்து வீச்சாளர் சின்னக்கருப்பு வெறியோடு ஓடிவந்து வீசியதில், அவர் கால் அடிக்கடி கோட்டைத் தாண்டிவிட்டது. நடுவர் ‘நோ பால்’ என்றார். நானும் மைக்கில், ‘நோ பால், மறுபடியும் நோ பால்’ என்றேன். குழாய் ஒலிபெருக்கி ஊரைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது.

2. பால் தீர்ந்துவிட்டதாக எண்ணிய ஊரார், தூக்குவாளியும் கையுமாகப் பால் டிப்போவில் முண்டியடித்தனர். டிப்போ நடத்தும் திருமதி பஞ்சம்மாள், யாரோ வதந்தி பரப்புவதாகத் தங்களிடம் புகார் கொடுத்துவிட்டு, நேரே திடலுக்கு வந்தார். “ஏத்தா, கேன் நிறையப் பால் இருக்கு. இல்லைன்னு உனக்கு யாரு சொன்னாக?” என்று கேட்டார். “அந்தா நிக்கிற நடுவர்தான் சொன்னாக” என்றேன். பிறகு சின்னக்கருப்பே கோட்டில் கால் வைத்துக் காட்டி விளக்கினார். “அப்ப, கோடு தாண்டுன பந்துன்னு சொல்ல வேண்டியதுதானே” என்றார் அம்மையார். அடுத்த முறை அப்படியே சொன்னேன். திடலே கைதட்டியது. அம்மையார் சிரித்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பின்னால் வந்த கூட்டமும் தூக்குவாளியோடு ஆட்டம் பார்க்க நின்றுவிட்டது.

3. புகாரின்பேரில் வந்த தலைமைக் காவலர் ஐயா, கடைசி ஓவர் என்று அறிந்து பெருந்தன்மையுடன் காத்திருந்தார். கடைசிப் பந்தில் சின்னக்கருப்பு ஸ்டம்பைச் சாய்த்து நாங்கள் வென்றபோது, மைக்கில் முதலில் கேட்டது அவருடைய விசில்தான். அதன் பின்னரே செட்டைக் கைப்பற்றினார். அவர் கடமையைச் செய்ததில் எங்களுக்கு வருத்தமில்லை.

4. திருமதி பஞ்சம்மாள் தம் புகாரைத் திரும்பப் பெற்று, இம்மனுவிலும் கையொப்பமிட்டுள்ளார். இனி ஒலிபெருக்கி திடலைப் பார்த்தே இருக்கும் என்றும், ‘நோ பால்’ என்ற சொல் மைக்கில் வராது என்றும் உறுதி கூறுகிறேன்.

5. போடி குழுவுடன் நடக்கும் இறுதி ஆட்டத்தில் அம்மையாரும் என்னோடு வர்ணனை செய்ய இசைந்துள்ளார். மாலைப் பாலை ஆட்டம் முடிந்தே ஊற்றுவதாக வாடிக்கையாளர்களிடம் சொல்லியும் விட்டார். அவர்களும் திடலுக்குத்தான் வருகிறார்கள். எனவே சனிக்கிழமைக்குள் மைக் செட்டைத் தந்து, தாங்களும் குடும்பத்துடன் வந்து ஆட்டத்தைக் கண்டுகளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: சின்னவாய்க்கால்பட்டி
நாள்: 13-2-1979

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
ரா. ஜெபராணி

உடன் கையொப்பம்: பஞ்சம்மாள், பால் டிப்போ