பத்துக்கு எட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் ஒற்றை அறை வீட்டில் நான் போனில் மூக்கை உறிஞ்சினால்கூட உன் பெண்டாட்டிக்குக் கேட்டுவிடும். அதனால் தையல் கடையில், மிஷின் பலகை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில் பதறாதே. அவள் இருக்கிறாள், வயிற்றில் பிள்ளையும் அசைகிறது. ஆனால் லேசான தலைசுற்றல் என்று நாங்கள் போனில் சொன்னது பொய். செவ்வாய்க்கிழமை படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ரத்த அளவு பதினொன்று இருக்க வேண்டியது ஆறுதான் இருக்கிறதாம். எட்டு மாதப் பிள்ளைக்கு ஏழு மாத எடைகூட இல்லையாம்.

மாதாமாதம் ஒரு நர்ஸ் படிவத்தோடு வீட்டுக்கு வருவாள். கர்ப்பிணி முந்தின நாள் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டு, கீரை, பருப்பு, முட்டை, பால், பழம் என்று பத்துக் கட்டத்தில் டிக் போடுவாள். "நேத்து என்னம்மா சாப்பிட்டே?" என்று உன் பெண்டாட்டியைத்தான் கேட்டாள். பதில் சொன்னது நான். மருமகளைப் பட்டினி போடுகிறாள் என்று தெரு பேசுமே! கடைத்தெருவில் பார்த்த பண்டத்தையெல்லாம் அவள் சாப்பிட்டதாக அடுக்கிவிட்டேன். பத்துக்கு எட்டு. உன் பரீட்சையில்கூட நான் அப்படியொரு மார்க்கைப் பார்த்ததில்லை. ஐந்துக்குக் கீழே வாங்கிய எதிர்வீட்டுக்காரிக்குச் சத்துமாவும் முட்டையும் கொடுத்தார்கள். நமக்கு ஒன்றுமில்லை. நான் பெருமையாகத்தான் நின்றேன்.

உண்மையில் அவள் சாப்பிட்டது மூன்று வேளையும் சோறும் தண்ணீர்க் குழம்பும்தான். வீட்டில் இல்லாமல் அல்ல, ராசா. நீ பிறந்தபோது நாலு கிலோ. இரண்டு நாள் வலியில் நான் செத்துப் பிழைத்தேன். இவள் இடுப்போ ஒரு பிடி. பிள்ளை பெருத்துவிட்டால் தாங்கமாட்டாள் என்று பயந்து, முட்டையையும் பாலையும் நான்தான் நிறுத்தினேன். "சரி அத்தை" என்றாளே தவிர, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

டாக்டரம்மா அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்லா சாப்பிடறவங்களுக்கு ரத்தம் எங்கே போகுது?" என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எல்லாம் சாப்பிட்டேன், உடம்புல ஒட்டலை" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம்! இப்போது வேறு ஏதோ நோய் என்று தேடுகிறார்கள். அந்த டெஸ்ட், இந்த டெஸ்ட் என்று இருக்கிற கொஞ்சம் ரத்தத்தையும் எடுக்கிறார்கள். ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கிய நான் வாயடைத்து நின்றேன்.

பயமாக இருக்கிறது. மிஷின் சத்தம் நின்றால் அவள் விழுந்த சத்தம் கேட்கிறது. நாளைக் காலை டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர் என்ன பேசினாலும் வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் என்ன ஆகியிருக்குமோ, எழுதவே கை வரவில்லை.

நீ என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அவளிடம் மட்டும் கோபப்படாதே. அப்புறம், போனில் அவளிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்காதே. சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாள். என்ன சாப்பிட்டாய் என்று கேள். நான் பக்கத்தில் இருந்தால், என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கேள்.

நீ நன்றாக இரு. அவளும் பிள்ளையும் நமக்கு வேண்டும்.

உன் அம்மா