ஏழாவது கட்டில்

அன்புள்ள அண்ணா,

நான் கொடுத்த போர்வை குளிருக்குப் போதுமா என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லை, அதற்காக இல்லை.

எங்கள் சபையிலிருந்து அந்த முதியோர் இல்லத்துக்குக் கிளம்பியபோது, நீ அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. மகனோடு இருக்கிறாய் என்றே நினைத்திருந்தேன். ஒரு போன் போட்டு விசாரித்ததில்லை. ஏழாவது கட்டிலில் நீ இருந்தாய். பக்கத்தில் போதகரின் மனைவி, பின்னால் போட்டோ எடுப்பவர்.

"இந்தாங்க ஐயா" என்றேன். உன்னைப் போய் ஐயா என்றேன்.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்று போதகரின் மனைவி உன்னைக் கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய்.

"யாருமில்லம்மா. நீங்கள்லாம் வந்ததே போதும்."

என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாய். திரும்பும்போது வேனில் எல்லாரும் பாடினார்கள். நானும் பாடினேன், அண்ணா.

இன்று போதகரின் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை, உன்னிடம் வருகிறேன். முன்னறையில் உனக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். வரமாட்டேன் என்று நீ சொன்னால் அது நியாயம்தான். ஆனாலும் இல்லத்துப் பதிவேட்டில் உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டுத்தான் திரும்புவேன்.

உன் கூடப்பிறந்தவள்