ஈரத்துணி சுற்றிய லட்சுமி

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் இருக்கிறேன். சுகமா என்று மட்டும் கேட்காதே.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் சாமி சிலை என்று வாயைத் திறந்தாலே பட்டறை வாசலில் உனக்கு யாரோ வந்து நிற்கிறார்கள். மூன்று தடவை பார்த்துவிட்டேன். காகிதத்திடம் 'அப்புறம் பேசறேன்' என்று சொல்ல முடியாது. நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

அவர் போய் இன்றைக்கு ஐம்பத்திரண்டு நாள். நீ வரவில்லை. கோயில் வேலை, விட்டுவிட்டு வர முடியாது என்றாய். அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. கேட்க வேண்டியது வேறு.

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நீ செய்து அனுப்பிய மரத்து லட்சுமி வெடித்திருக்கிறாள். இன்று நேற்று இல்லை, பதினோரு வருஷமாக வெடித்துக்கொண்டிருக்கிறாள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டார். முதல் வருஷமே தலையில் ஒரு கீறல். நீதான் கிரீடம் வைக்காமல், தலைக்குக் குளித்துவிட்டு வந்த பொம்பளை மாதிரி கொண்டை போட்டு அனுப்பியிருந்தாயே, அந்த முடியின் நட்டநடுவில் ஒரு கோடு. அவர் பார்த்துவிட்டு, 'உங்கண்ணன் வகிடு எடுக்க மறந்துட்டாரு, அம்மாவே எடுத்துக்கிட்டா' என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த வருஷம் வகிடு நெற்றிக்கு இறங்கியது. அப்புறம் மூக்கு, உதடு, கழுத்து. இப்போது மார்பு வரைக்கும் பிளந்திருக்கிறது. ஒரு தபால் அட்டையைச் செருகினால் விழாமல் நிற்கும்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், காரியத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். காலையில் கண் விழித்ததும் லட்சுமிக்கு முன்னால் போய் நிற்பாள். கும்பிட இல்லை, திட்ட. 'இந்த வெடிச்ச மூஞ்சியப் பார்த்துப் பார்த்துத்தானே எங்கண்ணன் போனான். பின்னமான சாமிய வீட்டுல வெச்சா விளங்குமா அண்ணி, உங்களுக்கு யாருமே சொல்லித் தரலையா' என்பாள். பிறகு சமையலறைக்கு வந்து எனக்கும் சேர்த்துத் தேநீர் போடுவாள். அவளை என்ன செய்வது, நீயே சொல்.

உனக்குத் தெரியும், அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்ட்டையெல்லாம் ஏற்றி இறக்கியவர். எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மட்டும் ஒன்பது மாதமாக ஓடவில்லை. ஒரு சாமான் வாங்கித் தாருங்கள், நானே சும்மா மாட்டித் தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் எத்தனை தடவை சொன்னார். அன்றைக்கு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று வேலையிலிருந்து வந்தவர், இரண்டாவது மாடிப் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. நான் லாண்டரியில் இருந்தேன். படி ஏறினதால் போனார் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. சாமி வெடித்ததால் போனார் என்று சொல்ல இந்தக் கட்டிடத்தில் எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். அது பச்சை மரமா? காயாத மரத்தில் செதுக்கினால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா. லாண்டரியில் பதினாறு வருஷம். ஈரம் என்ன செய்யும், சூடு என்ன செய்யும் என்று என் கைக்குத் தெரியும். நீ ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அவளிடம் காட்டுவேன். பாரம்மா, மரம் காயவில்லை, அதனால் வெடித்தது, உன் அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் இந்தப் பழியோடு நான் எப்படி இந்த வீட்டில் நடமாடுவது.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தங்கை.



அண்ணனுக்கு,

பதில் இல்லை. மூன்று வாரம் ஆகிவிட்டது. அண்ணியிடம் போனில் கேட்டால், 'கடிதம் வந்துச்சு, படிச்சாரு, மடிச்சு உளிப் பெட்டியில வெச்சுக்கிட்டாரு' என்கிறாள். உளிப் பெட்டியில் வைப்பதற்கா நான் எழுதினேன்?

இங்கே நடந்ததைக் கேள். நாத்தனார் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடம் விசாரித்துவிட்டு வந்தாள். பின்னமான சிலையை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். 'அப்ப அடுத்தது யாருன்னு நீங்களே சொல்லிடுங்க' என்றாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள் அண்ணா. அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லட்சுமியைப் படுக்கை விரிப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, 'குழந்தைக்கு மூச்சு முட்டப் போகுதும்மா, முகத்தைத் திறந்து விடு' என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாத்தனார்தான், 'தூங்குது, எழுப்பாதீங்க' என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாலத்துக்குக் கீழே இறங்கினோம். கும்பிட்டேன். மன்னித்துக்கொள் தாயே என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தால் மிதக்கிறாள்.

மரம் மிதக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை பார். கோயிலில் சொன்ன பூசாரிக்கும் தோன்றவில்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சுற்று சுற்றி, திரும்ப என் காலடிக்கே வந்து முட்டினாள். நாத்தனார் ஒரு குச்சியை எடுத்துத் தள்ளினாள். போனாள், வந்தாள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினாள். பாலத்துத் தூணை ஒரு வலம் வந்துவிட்டுத் திரும்ப வந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, 'அவளுக்குப் போக மனசில்ல போல' என்றாள். உடனே நாத்தனார், 'ஒரு கல்லைக் கட்டி விட்டுடலாம் அண்ணி' என்றாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. கல்லைக் கட்டி ஆற்றில் தள்ள இவள் யார் குடியைக் கெடுத்தாள் என்று கத்தினேன். புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு கரையேறினேன். திரும்பி வரும்போது சொட்டச் சொட்ட நிற்கிறோம் என்று கண்டக்டர் எங்களை உட்கார விடவில்லை.  மூன்று மாடியும் நாத்தனார் எனக்கு முன்னால் ஏறிப் போனாள்.

நீ செய்த சாமி உன்னை மாதிரியேதான் இருக்கிறாள். போ என்றால் போவதில்லை. பேசு என்றால் பேசுவதில்லை.

சேறெல்லாம் வெடிப்புக்குள் போய்விட்டது. கறைத்துணி மாதிரி தொட்டியில் ஊறப் போட்டிருக்கிறேன். நாளையிலிருந்து எனக்கு இரட்டை ஷிஃப்ட். ஊறட்டும்.

பதில் எழுத மனமிருந்தால் எழுது.

தங்கை.



என் அண்ணனுக்கு,

இது கடைசிக் கடிதம். பயப்படாதே, உன்னோடு சண்டை இல்லை. சொல்ல வேண்டியது இதோடு முடிந்துவிடும்.

இரட்டை ஷிஃப்ட் முடிந்து ஐந்தாம் நாள்தான் தொட்டிப் பக்கம் போனேன். தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. லட்சுமியைத் தூக்கித் துடைத்தேன். வெடிப்பைக் காணவில்லை. வகிடு மட்டும் இருக்கிறது, மயிரிழை மாதிரி. மூக்கு சேர்ந்துவிட்டது. உதடு சேர்ந்துவிட்டது. நீ செதுக்கின முகத்தை நான் மறந்தே போயிருந்தேன் அண்ணா. நம் அம்மாவுக்கு இருந்தது போலக் கீழுதடு கொஞ்சம் தடித்து இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். பார்த்தாள். அப்படியே ஈரத்தரையில் விழுந்து கும்பிட்டாள். 'அம்மா தன் காயத்தைத் தானே மூடிக்கிட்டா அண்ணி, எங்கண்ணனை எடுத்துக்கிட்டதுக்குக் கோபப்பட்டேனே, மன்னிச்சுட்டா' என்று ஒரே அழுகை. மறுநாள் கட்டிடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. லிஃப்ட் இல்லாத மூன்று மாடியை மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீட்டுக்காரரும் வந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் படியிலேயே நிறுத்திக் கேட்கலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். போன மாதம் என் புருஷனைக் கொன்ற சாமி, இந்த மாதம் அற்புத சாமி. இவர்களோடு நான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஊறின மரம் உப்புகிறது, அதனால் வெடிப்பு மூடுகிறது. காய்ந்தால் திரும்பத் திறக்கும். இது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நாத்தனார் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அவர் போனதிலிருந்து அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. சொல்ல வாய் வரவில்லை. நான் செய்தது என்ன தெரியுமா, ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து லட்சுமிக்குச் சுற்றிவிட்டேன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நாத்தனார் அதை அபிஷேகம் என்று நினைத்துக்கொண்டாள்.

தொட்டித் தண்ணீரைக் கொட்டும்போது ஒரு வாசனை வந்தது. ஷூ பாலிஷ். அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ இங்கே வருகிறாய் என்றதும் அவர் மரத்தூளையும் பசையையும் குழைத்து வெடிப்பை அடைத்து, மேலே பழுப்பு பாலிஷ் போட்டுத் தேய்த்தார். சாமி மேலேயா செருப்புக்குப் போடுவதைப் போடுகிறீர்கள் என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். 'மச்சான் பார்த்தா மனசு சங்கடப்படுவாரு, உனக்குத் தெரியாது, கைவேலைக்காரனுக்குத் தன் கைதான் மானம்' என்றார். நீ வந்தாய். அவள் முன்னால் நின்று முகத்தை ஒரு தடவை விரலால் தடவினாய். விரலை முகர்ந்து பார்த்தாய். நான் பார்த்தேன், எனக்குப் புரியவில்லை. ஞாயிறு வரைக்கும் இருக்கிறேன் என்றவன் வெள்ளிக்கிழமையே கிளம்பினாய். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. அவர் போனதற்கும் வரவில்லை.

இப்போது புரிகிறது, வெடிப்பை நீ அன்றைக்கே கண்டுகொண்டாய். உன் பதில் எனக்கு வேண்டாம். வந்துவிட்டது.

ஆனால் நீ ஒன்றை மறந்துவிட்டாய், எனக்கும் இப்போதுதான் நினைவு வந்தது. இன்னும் ஒரு கோடை காயட்டும் என்று நீ சொன்னாய். வெறும் சுவரையா கும்பிடுவது, குடிபோகிற நாளுக்குள் வேண்டும் என்று குதித்தவள் நான். அவசரம் என்னுடையது அண்ணா. ஆறு வருஷமாக நீ எதைச் சுமந்துகொண்டு திரிகிறாய்?

நேற்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போகும்போது லட்சுமியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றாள். அங்கே போய் அவள் பிள்ளைகளுக்கு முன்னால் வெடித்தால் அவள் தாங்குவாளா. அதனால் உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். பச்சை மரம், பாலிஷ், தொட்டித் தண்ணீர், எல்லாம். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.  பிறகு எழுந்து போய், காய்ந்துபோன துண்டை எடுத்து நனைத்து, பிழிந்து, தானே சுற்றினாள். 'எங்கண்ணன் பாலிஷ் போட்டான், நாம துணி சுத்துறோம், அவ்வளவுதானே அண்ணி' என்றாள். அப்புறம் என்னிடம் ஒன்று கேட்டாள். 'உங்களுக்கு உங்கண்ணன் இருக்காரே, ஏன் வர மாட்டேங்குறாரு?'

அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

ஊறின மரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, காய்ந்து திறந்த பிறகுதான் அதே மரத்தில் மெல்லிய சிம்பு ஒன்றைச் சீவி இறக்கி அடைக்க முடியும் என்று நீ சொல்வாய். சரி, அப்படியே ஆகட்டும். அது திறக்கிற அன்றைக்கு நானும் நாத்தனாரும் மட்டும் தனியாக லட்சுமி முன்னால் நிற்க எங்களுக்குத் தைரியம் இல்லை. உளிப் பெட்டி கொண்டு வா என்றுகூடச் சொல்லவில்லை. கையை வீசிக்கொண்டு வா. படி ஏறும்போது மெதுவாக ஏறு. இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கை நன்றாக இருக்க வேண்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை.

இப்படிக்கு,
நீ வாயாடி என்று கூப்பிடுவாயே, அவள்.

பின்குறிப்பு: இரண்டு நாளாக இங்கே காற்று அதிகம். துணி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.