முகில்வாய் ஏரிக் கலிங்கை இடித்த கொற்றியின் பொருட்டு விடுத்த ஓலை

திருவும் மழையும் பொலிக. வாகை மூதூரில் வீற்றிருந்து வெண்குன்ற நாடு காக்கும் கோ அருளாழியரின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சன் பூதங்குமரன், கார்மலை நாடாள்வார் எயினன் விழுப்பரையருக்கு விடுத்த ஓலை. தங்கள் மலையும் சுனையும் குடிகளும் கன்றுகாலிகளும் நலம் பெறுக.

சென்ற ஆடிப் பெருமழையில், முகில்வாய்ப் பேரேரியின் மிகைநீர் வழியும் கலிங்குச் சுவரை மழையளவுகாரி கொற்றி என்பாள் ஆள்விட்டு இடித்தாள் என்றும், நீர் முழுதும் முட்காட்டில் பாய்ந்து வீணாகிக் கீழுள்ள மூன்று ஊர்களும் நாற்று நடவில்லை என்றும், அவளைச் சிறையிட்டிருப்பதாகவும், தண்டனை யாதெனக் கேட்டும் தாங்கள் எழுதிய ஓலை வந்தது. உடன் வந்த அவளது விண்ணப்பத்தைப் படித்தபின் கார்மலையின் பழைய மழையேடுகளை மூன்று நாள் இருந்து புரட்டினேன்.

தாங்கள் அறிவீர்கள், நம் நாட்டில் மழையளக்கும் குழிசிகள் யாவும் பன்னிரு விரல் ஆழமுடையவை. மூதூர் முற்றத்தில் அறுபது ஆண்டில் ஒருநாள் மழையும் ஏழு விரலைத் தாண்டாததால், பன்னிரு விரலே ஏராளம் என்று முன்னோர் கருதினர். குழிசி வழிந்தால் 'நிறைந்தது' என மங்கலமாக எழுதி ஏட்டுக்கு மஞ்சள் தடவுவது வழக்கம். கார்மலை ஏடுகளில் நாற்பது ஆண்டில் பத்தொன்பது முறை அச்சொல் இருந்தது. நானோ ஒவ்வொன்றையும் பன்னிரு விரல் என்றே கொண்டு கலிங்கின் அகலத்தை வகுத்தேன். வழிந்தோடிய நீர் எவ்வளவு என்று ஒருநாளும் கேட்டேனில்லை. கணக்கில் புலி என்று அவையில் பெயரெடுத்தவனுக்கு இது வெட்கக்கேடு.

கொற்றி கேட்டாள். குழிசியருகே இடுப்பளவுக் கற்றொட்டி ஒன்றை நிறுத்திப் பதினோராண்டு அளந்தவள், ஒரே நாளில் இருபத்தேழு விரல் பெய்ததையும் கண்டாள். மேல்கடற்காற்று கார்மலையில் முட்டி ஏறுகையில் குளிர்ந்து நீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு மூதூருக்கு வெறுங்கையோடு வருகிறது என்றும், ஆதலால் மூதூர் முற்றத்து அளவு மலைச்சரிவுக்குப் பொருந்தாது என்றும், அண்மை ஆண்டுகளில் கடற்காற்றின் வெம்மை கூடி, மழைநாள் குறைந்து, ஒருநாள் மழை பெருத்து வருவதால், அரிதென எண்ணிய வெள்ளம் இனி அடிக்கடி வரக்கூடும் என்றும் மூன்று முறை எழுதினாள். தொட்டியில் எவரோ குடத்து நீரைக் கவிழ்த்திருப்பர் என்று நகைத்து, அவ்வோலைகளை ஒதுக்கியவனும் நானே.

அன்று அவள் கலிங்கை இடிக்காதிருந்தால் ஏரிக்கரையே உடைந்து மூன்று ஊர்களும் இருந்த இடம் தெரியாமற் போயிருக்கும். நாற்றை அடுத்த ஆண்டும் நடலாம். நடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவளால்.

இதனைக் கோவின் திருமுன் உரைத்து, தண்டனை எனக்கே உரியது என்றேன். கோ சினக்கவில்லை. அளவு வகுத்தவன் அந்த ஏரியின் கீழே ஒரு மழைக்காலம் குடியிருக்கட்டும் என்று அருளினார்.

ஆகவே இவ்வோலை கண்ட நாழிகையே கொற்றியைச் சிறைவிடுத்து, ஊரார் காணத் தாங்களே முன்நின்று கரைக்கு அழைத்துச் செல்க. மலையில் மழை தொடங்கும் ஆனி பிறக்க இருபத்தாறு நாளே உள்ளது. நூறு கல்தச்சர் இன்றே இங்கிருந்து புறப்படுகின்றனர். அவள் கோலிட்டுக் காட்டும் அகலத்திற்குக் கலிங்கைக் கட்டுக. அதில் ஒரு சாண் குறைத்தாலும் அரசாணை மீறியதாகும். மலைச்சரிவு தோறும் கற்றொட்டிகள் நிறுத்தி, அவற்றை அளப்போர் அனைவரையும் அவள் பொறுப்பில் வைக்க.

எனக்குக் கரையடியில் ஒரு வீடு ஒதுக்குக. பெரிய வீடு வேண்டா. ஏரி ததும்பும் நாளில் அஞ்சுவேன், அதை மறைப்பானேன். ஆயினும் கொற்றியின் அளவை நம்பி, என் இல்லாளையும் மக்களையும் உடன் அழைத்தே வருகிறேன்.

இது கோ ஆணை. வாகைமலர்ப் பொறியிட்டு விடுத்தது. இதன்வழி நடப்போர் குடி தழைக்க.