கொதிகலன் புகையும் என் வயிற்றெரிச்சலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

சகலருக்கும் அறிவிப்பது: உன் மகனுக்கு மீசை முளைத்துவிட்டது, மொத்தம் ஏழு முடி. உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் சாயப்பட்டறையில் ஏற்றுமதி பெருகப் பெருகக் கொதிகலன் புகையும் பெருகியது. புகை குறைந்தால்தான் துணி வாங்குவோம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வழி கண்டுபிடிப்பவனுக்கு நிரந்தர வேலை என்றார் மேலாளர். நீராவி கசிந்து, கூடுதல் விறகைத் தின்று புகையைக் கூட்டிய குழாயைக் கண்டுபிடித்து, அந்த வேலையைத் தட்டிக்கொண்டு போனவன் என் அறைத்தோழன் ஒட்டடைக்குச்சி.

"வயிறு எரியுதாடா?" என்றான்.

"கொதிகலனே தோத்துடும்டா!"

ஆனாலும் அந்தக் கண்டுபிடிப்பில் பாதிப் பெருமை எனக்குத்தான், அம்மா.

நம் வீட்டு சோப்பில் துவைத்த தலையணை உறை ஒன்று அனுப்பு. வேலைக்கு மணி அடித்துவிட்டது.

என்ன பெருமை என்கிறாயா? அவன் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கட்டும் என்று அவனுடைய பூட்ஸை ஒளித்து வைத்தேன். செருப்போடு ஓடியவன் காலில்தான் அந்த நீராவி பட்டது.

உன் வாலு