எண்ணிப் பார்த்தால் நாலு

மார்ச் 4
இன்று பத்து சென்டிமீட்டர் சோதனை. எங்கள் புதுக் கேமராவில் படத்தை முதலில் எடுத்துவிட்டு, எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைப் பிறகு திரையில் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். எவ்வளவு கிட்டத்தில் இருக்கும் பொருள்வரை அது பலிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பெட்டியின்மேல் 'பத்து சென்டிமீட்டர் முதல்' என்று போடப்போகிறார்களாம். கோடு போட்ட அட்டையைப் பத்தில் நிறுத்தி எடுத்தேன். கம்ப்யூட்டரில் பச்சை வந்தது. பாஸ். பிரிவுத் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 5
அட்டையில் கட்டத்துக்கு ஐந்து கறுப்புக் கோடு. நேற்றைய படத்தில் நாலு. என்ன கூத்து இது?

மார்ச் 6
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன். நாலு. பென்சில் முனையை வைத்து எண்ணினேன். நாலேதான். கேமரா ஆடியிருக்குமோ? திருகை இறுக்கி, தூரத்தை இரண்டு தரம் அளந்து, மறுபடி இருபது படம் எடுத்தேன். இருபதிலும் நாலு. மங்கலாக இருந்தாலாவது மனசு ஆறும் — பளிச்சென்று நிற்கிறது! கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை, வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. ஃபோகஸ் ஓரளவுக்குமேல் தப்பினால் இப்படி இடம் மாறி, ஐந்து கோட்டுக்கு நடுவே உள்ள நாலு இடைவெளிதான் கறுப்பாகத் தெரியும். கம்ப்யூட்டர் பாவம், பளிச்சென்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. எண்ணிப் பார்க்க அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அட்டையைத் தள்ளி வைத்து எடுத்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டரிலும் நாலு. பதினாலில் ஐந்து வந்தது. அப்பாடா.

மார்ச் 7
தலைவரிடம் சொன்னேன். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பச்சை வந்துடுச்சுல்ல? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கண்ணாடிக் கடையில நம்பர் பார்க்கிற வேலை இல்லம்மா இது" என்றார்.

அம்மாவாம்! என்னைவிடப் பத்து வயதுதான் சின்னவர். இங்கே வருமுன் பதினாறு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவள் நான். பவர் துளி பிசகினாலும் வாங்கினவர் மறுநாளே தலைவலியோடு சண்டைக்கு வந்து நிற்பார். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 8
வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். கேட்டுவிட்டு, "வேலை நிரந்தரமாக இன்னும் மூணே வாரம். அதுக்கு அந்தாள் கையெழுத்துதான் வேணும். ஒத்தைக் கோட்டுக்காகவா மல்லுக்கட்டுறே?" என்றார்.

"விளக்கு பச்சையா எரியுது, பிரேக் மட்டும் பிடிக்கலைன்னா வண்டியை எடுப்பீங்களா?"

தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எடுக்க மாட்டேன். சரி, போய்ச் சண்டை போடு. சாப்பிட்டுட்டுப் போடு."

பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பேன்? ஆனால் பொய்யென்று தெரிந்த எண்ணுக்குக் கீழே என் பெயரா? முடியாது.

மார்ச் 11
பெட்டி அச்சுக்குப் போகும் முன் கூட்டம். எட்டுப் பேர். எனக்கு ஐந்தே நிமிஷம் வேண்டும் என்று நானே கேட்டு எழுந்தேன். படத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டேன்.

"எத்தனை கோடு? சத்தமா எண்ணுங்க."

"நாலு" என்றார்கள்.

அட்டையைத் தலைவர் கையில் கொடுத்தேன். விரல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். காது சிவந்துவிட்டது.

"பதினாலுல?"

"அஞ்சு. நீங்களே எடுத்துப் பாருங்க."

எடுத்தார், எண்ணினார். சோதனைத் தாளில் பத்தை அடித்துவிட்டுப் பதினாலு என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், கொஞ்சம் பெரிதாகவே.

பஸ் நிறுத்தத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவர் இரண்டடி தள்ளி நின்றார். நிற்கட்டுமே!

மார்ச் 13
விற்பனைப் பிரிவில் ஒரே கூப்பாடு: "பதினாலுன்னா யாரு வாங்குவா?" தலைவர் சொன்னாராம்: "எண்ணத் தெரிஞ்சவங்க வாங்குவாங்க."

மார்ச் 30
நிரந்தரமாகிவிட்டது. வீட்டுக்காரர் கடிதத்தை மூன்று தரம் படித்தார், அதுவும் சத்தமாக.

ஜூன் 17
அடுத்த கேமராவின் மாதிரிப் பெட்டி என் மேஜைக்கு வந்தது. நிறம், படம், பெயர் எல்லாம் தயார். 'சென்டிமீட்டர் முதல்' என்பதற்கு முன்னால் மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். பக்கத்தில் பென்சிலால் தலைவர் எழுதியிருந்தார்: "அக்கா அளந்து சொன்ன பிறகு."