நாலாம் மாடிக்குப் பிந்தி வந்தவளுக்கு

என் றிஸ்னா,

நேற்று உன் தாளைக் கழற்றிவிட்டார்கள். நாம் சேர்ந்து வேலை பார்த்த கந்தோரின் லிஃப்ட் கதவருகே நீ எழுதி ஒட்டியது. "கால் இருக்கு. கரண்ட் மிஞ்சட்டும்." இப்போது சுவரில் பசைத் தடம் மட்டும்.

"அந்தப் புள்ள படி ஏறித்தானே செத்தது," என்றார் சிவம் அண்ணை. கழற்றியதும் அவர்தான். பயம். இப்போது முதலாம் மாடிக்குக்கூட எல்லோருக்கும் லிஃப்ட்.

மின்வெட்டு நாட்களில் எல்லோரும்தான் ஏறினோம், திட்டிக்கொண்டு. கரண்ட் வந்ததும் நாங்கள் லிஃப்டுக்குத் திரும்பினோம். நீ திரும்பவில்லை. ஒருமுறை கொழும்பில் நகரும் படிக்கட்டைக் கண்டு, "படியே நடந்தா நாம என்னத்துக்குப் புள்ள?" என்று பக்கத்துப் படியில் ஏறிப் போனாய். மேலே நின்று கை காட்டினாய்.

கந்தோருக்குத் திரும்பியதும் நம் பந்தயம் தொடங்கியது. நீ படி, நான் லிஃப்ட். நாலாம் மாடிக்குப் பிந்தி வருபவள் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வரும். கதவு திறந்தால் நீ. இடுப்பில் கை. எத்தனை மாதம் நானே ஊற்றினேன்?

ஒரு செவ்வாய்க்கிழமை கதவு திறந்தது. நீ இல்லை.

நான் மேலேயே நின்றேன். சந்தோஷமாக. கீழே உன் செருப்புச் சத்தம். ஒரு படி. நிற்கிறது. இன்னொரு படி. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாய். உதடு வெளிறியிருந்தது.

"இண்டைக்கு உன்ர கையால தேத்தண்ணி!" என்றேன்.

"லிஃப்டுக்கு ரொக்கெட் பூட்டிட்டாங்களா?" என்றாய். சிரித்தாய். ஊற்றினாய். நான் குடித்தேன்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி. ஞாயிறு ஜனாஸா.

இதயத்தில் பிறவிக் குறை, படியால் வந்ததில்லை என்றார் டொக்டர். மூச்சு முட்டிய அன்றே வந்திருக்கலாம் என்றும் சொன்னார். உன் தம்பியிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில், பஸ்ஸில், எங்கும்.

போன வெள்ளிக்கிழமை பாலம் தாண்டி உன் ஊர் கிண்ணியாவுக்குப் போனேன். உன் உம்மா கேட்டார்.

"படி ஏறினதாலயா மகள், என்ட புள்ள மௌத்தானது?"

"இல்லை உம்மா. அவள் நல்லாத்தான் ஏறினவள். ஒரு நாள் பிந்தி வந்தவள். நான் கண்டனான். இறங்கிப் போய்ப் பார்க்கேல்லை. சிரிச்சனான்."

உம்மா எழுந்தார். குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். கோப்பையைப் பிடித்தபடி இருந்தேன்.

"குடி மகள்."

அது மன்னிப்பா? கேட்கத் துணிவில்லை.

இன்று நான் ஏறினேன். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது. அங்கே ஒரு ஜன்னல். துறைமுகம் முழுவதும் தெரிகிறது. ஏன் நீ சொல்லவேயில்லை? நானாக ஏறிவந்து காணட்டும் என்றா?

புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன். உன் வரி அப்படியே. அதன் கீழே என்னுடையது: "மூச்சு முட்டினால் நில்லுங்கள். யாரிடமாவது சொல்லுங்கள்." சிவம் அண்ணை வாசித்தார். கழற்றவில்லை. லிஃப்டில்தான் போனார்.

நாளையும் ஏறுவேன். மேலே சேர்ந்ததும், பின்னால் வருகிற காலடிகளைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். யாராவது பிந்தினால், றிஸ்னா, இறங்கிப் போவேன்.

உன் உம்மா 'மகள்' என்று கூப்பிடுகிற
வாணி